கமாலுதீனின் சொந்தக் கார்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல்லைக் கூட்டியிருந்தாலும், சொன்ன நாக்கு பச்சை ஜாதிக்காயைக் கடித்ததுபோலத் துவர்த்து மடங்கிப்போகட்டும். பினாங்குத் தீவில் அதுவரை ஓடிய கார்களிலேயே ஆக மோசமான எஞ்சின் கமாலுதீனின் பச்சைக் காரில்தான் இருந்தது. அவர் குடியிருந்த சூலியா தெரு முழுவதும் அதற்குச் சாட்சி.

கெலுகோரில், ஒரு கப்பல் கம்பெனித் துரையின் பங்களா வராந்தாவில், கமாலுதீன் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷமாக ஜாதிக்காய் வியாபாரம் செய்கிறவர். பாலிக் புலாவ் தோட்டங்களில் வாங்கி, துறைமுகத்துக் கம்பெனிகளுக்கு விற்கிறவர். விற்கிறவன் சரக்கைப் புகழ்வான், வாங்குகிறவன் குறை சொல்வான், விலை நடுவில் எங்கேயாவது வந்து உட்காரும். அவர் அறிந்த உலகம் அது. இந்தத் துரையோ தன் காரைத் தானே வைதுகொண்டிருந்தார்.

எஞ்சின் சரியில்லை என்று மலாயில் தொடங்கி, துரை விரல் விட்டு எண்ணினார். சூடான பிறகு அணைத்தால் மறுநாள் காலைவரை உயிர் வராது. ஐந்து மைலுக்கு ஒரு போத்தல் எண்ணெய் குடிக்கும். வெயிலில் தண்ணீர் கொதித்து மூடி பறக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது என்றார்.

கமாலுதீன் கணக்குப் போட்டார். சரக்கைக் குறை சொல்கிறவன் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நினைக்கிறவன். துரைக்குக் காரை விட மனமில்லை. அவ்வளவு அருமையான சரக்கு. உடனே, துரை கேட்ட விலைக்கு மேல் இருபது வெள்ளி ஏற்றிச் சொன்னார்.

துரை திகைத்துப்போய், மேட்டைக் கண்டால் பெருமூச்சு விடும் என்று நாலாவதாக ஒரு குறையையும் சொன்னார். கமாலுதீன் இன்னும் பத்து ஏற்றினார். துரை அத்தோடு வாயை மூடிக்கொண்டதால் கமாலுதீனின் மடி பிழைத்தது.

காரைப் பார்க்க வேண்டாமா என்று துரை கேட்டார். கமாலுதீன் வேண்டாம் என்றார். பேரத்தின்போது சரக்கை உற்றுப் பார்த்தால் ஆசை கண்ணில் தெரிந்துவிடும். பேரம் முடிந்தபின் பார்த்தால் விற்றவனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். சரக்கைப் பாராமல் ஆள் முகத்தைப் பார்த்து வாங்குவது அவர் தொழில் தர்மம். பச்சை நிறம், இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கார் என்று துரை சொன்னது அவருக்குப் போதும். தான் விடிந்ததும் மீன் பிடிக்க லங்காவிப் பக்கம் போவதாகவும், திரும்பப் பத்து நாளாகும், கார் வீட்டில்தான் நிற்கும், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லித் துரை கைகொடுத்தார்.

முப்பத்தாறு வயசு மனிதருக்குப் பந்தயக் கார் எதற்கு என்று கேட்கலாம். சுலைஹாவுக்காக.

கப்பல்களுக்கு ஆடும் அரிசியும் அனுப்புகிற முகம்மது சுல்தான் வீட்டுக்குக் கமாலுதீன் ஒருநாள் நூறு ஜாதிக்காய் கொடுத்தனுப்பியிருந்தார். மறுநாள் அவர் அந்தப் பக்கம் போனபோது, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், நூறில் இரண்டு காயவில்லை என்றது. எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். காய்ந்த ஜாதிக்காய் ஓட்டுக்குள் கலகலக்கும். காயாதது ஊமையாக இருக்கும். இரண்டுதான் ஊமை. அன்றோடு கமாலுதீன் வேறு பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பெண்ணின் தகப்பனார் முகம்மது சுல்தான் சம்மதித்தார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். மாப்பிள்ளை சொந்தக் காரில் வரவேண்டும். வாடகைக் கார் ஆகாது. இரவல் கார் ஆகவே ஆகாது. சுல்தானுடைய தம்பியின் மருமகன் போன வருஷம் சொந்தக் காரில் வந்து இறங்கினான். அன்று முதல் அந்தத் தம்பியின் கழுத்து அண்ணன் பக்கம் திரும்புவதில்லை.

"சொந்தக் காரு இல்லாட்டி, பொண்ணு எங்க வீட்டுலயே இருந்துட்டுப் போவட்டும்," என்று சொல்லியனுப்பியிருந்தார். துரையிடம் பேரம் முடிந்த அன்று நிக்காஹுக்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் காலை கமாலுதீன், கார்த்திகேசுவை அழைத்துக்கொண்டு கெலுகோருக்குப் போனார். கார்த்திகேசு அரிசி ஆலையில் எஞ்சின் பார்க்கிறவன். கார் ஓட்ட லைசென்ஸும் வைத்திருந்தான். பங்களாவில் ஆள் அரவமில்லை. முகப்பில் பச்சை நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் கார் நின்றது. கார்த்திகேசு எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பாய், மொத சுத்துலயே புடிச்சிருச்சு."

"அதான் எனக்கும் பயமா இருக்கு," என்றார் கமாலுதீன்.

முன்மூடியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒன்றும் ஆடவில்லை. பூனை தூங்குவதுபோல ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான்.

"காயாத சரக்கு மாதிரி இருக்கே தம்பி. ஊமையால்ல இருக்கு."

கார்த்திகேசுவுக்கும் அதே கவலை. அவன் ஆலை எஞ்சின் ஓடினால் அரை மைலுக்குக் கேட்கும். கேட்காவிட்டால் முதலாளி ஆள் அனுப்புவார். "உள்ளுக்குள்ள என்னமோ கோளாறு இருக்கு பாய். வீட்டுக்குக் கொண்டுபோயி பாத்துக்கலாம்," என்றான்.

ஐந்தாவது மைல் ஊருக்குள் வந்தது. நிறுத்தாமல் ஓரமாக ஓடவிட்டு ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றினார்கள். கார் குடிக்க மறுத்தது. வழிந்தது. நோயாளி கஞ்சி வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? புனல் வைத்து, பொறுமையாக, முழுப் போத்தலையும் ஏற்றினார்கள். அன்று பதினைந்து மைல் ஓட்டிப் பார்த்ததில் இன்னும் இரண்டு போத்தல் போயிற்று. சாயங்காலம் பின்குழாயிலிருந்து நீலப் புகை கிளம்பித் தெருவை மூடியது. எதிர்வரிசைக் கடைகளில் இருட்டுமுன்பே விளக்கேற்றினார்கள். அந்தத் தெருவில் அந்த மாதம் கொசு இல்லை.

"எண்ணெயக் குடிக்கிதுன்னு சொன்னாரு. சொன்னபடியே குடிக்கிது பாத்தியா," என்றார் கமாலுதீன். "துரை உண்மையான மனுசன்."

சூடான எஞ்சினை அணைத்தால் காலைவரை உயிர் வராது என்பதால், அணைத்தபின் காலைவரை யாரும் அதைத் தொடவில்லை. காலையில் ஒரு சுற்றில் உயிர் வந்தது. அதுவும் துரை சொன்னபடியே.

ஆனால் ஊமைத்தனம் மட்டும் தீரவில்லை. கார்த்திகேசு ஸ்பேனரை எடுத்து, கண்ணில் பட்ட போல்ட்டுகளை எல்லாம் அரைச் சுற்றுத் தளர்த்தினான். கமாலுதீன் காதை வைத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் என்றார். இன்னொரு அரைச் சுற்று. மூன்றாம் நாள் கார் கலகலவென்று சிரித்தது. முதல் தர ஜாதிக்காய் ஆயிரம் மூட்டையை ஒரே நேரத்தில் ஆட்டியதுபோல இருந்தது. கமாலுதீனின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அன்று மாலை பிட் தெருவில் ஒரு போல்ட்டு கழன்று விழுந்தது. டிராம் ஓட்டி வண்டியை நிறுத்தி இறங்கி எடுத்துக் கொடுத்தார். மரியாதையான காலம்.

அடுத்தது தண்ணீர் கொதிக்கும் கவலை. வருமுன் காப்பது நல்லது என்று, காரின் முகத்தில் சணல் சாக்கை நாலு மடிப்பாகக் கட்டி, ஐஸ் ஆலையிலிருந்து கட்டி வாங்கிவந்து உள்ளே வைத்தார்கள். ஐஸ் கால்மணியில் கரைந்தது. சாக்கு மட்டும் நின்றது. காற்றுப் புக வழியில்லாமல் தண்ணீர் கொதித்து, மூடி வெடித்துப் பறந்தது. எதிரே போன ஒரு ரிக்‌ஷாவின் கூரையில் விழுந்து, ஆயர் ஈத்தாம்வரை சவாரி போய், இருட்டுவதற்குள் அதே ரிக்‌ஷாவில் திரும்பி வந்தது.

"மூடி பறக்கும்னாரு," என்றான் கார்த்திகேசு.

"பறந்துச்சா இல்லியா?"

"பறந்துச்சு பாய்."

"உண்மையான மனுசன்," என்றார் கமாலுதீன் மறுபடியும். சாக்கை இரட்டிப்பாக்கச் சொன்னார்.

இதற்குள் தளர்ந்த போல்ட்டுகளும், குடித்த எண்ணெயும், சொட்டிய ஐஸ் தண்ணீரும் சேர்ந்து எஞ்சினுக்கு இருமல் வந்துவிட்டது. மெதுவாக ஓட்டினால் அணையப் பார்த்தது. நிக்காஹ் ஊர்வலத்தில் நடுத்தெருவில் அணைந்தால் மறுநாள் காலைவரை மாப்பிள்ளை அங்கேயே இருக்கவேண்டும். கார்த்திகேசு ஆலை வழக்கப்படி ஒரு வைத்தியம் செய்தான். வேகம் கூட்டும் மிதியை முக்கால்வாசி அமுக்கி, தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

"இனி அணையவே அணையாது பாய்."

அது உண்மை. நிற்கவும் நிற்காது. நிறுத்தினால் எஞ்சின் ஊளையிட்டுப் பின்குழாய் வேட்டுப் போட்டது. குதிரை வண்டிகள் மிரண்டன. ஆகவே ஓடிக்கொண்டே இருப்பதுதான் அதற்கும் ஊருக்கும் நல்லது.

நிக்காஹ் அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. பட்டு அங்கியும் தலைப்பாகையும் முகத்தை மறைக்கும் பூச்சரமுமாகக் கமாலுதீன் ஓடும் காரில் ஏறினார். வழியில் ஏழு உறவுக்காரர் வீட்டில் ஊர்வலம் நிற்கவேண்டும். வாசலில் மாப்பிள்ளைக்குப் பாலும் சீனியும் கொடுப்பார்கள். நிற்காது என்று தெரிந்ததும் அவருடைய பெரியும்மா காமாரியா கையைப் பிசைந்தாள்.

"ஏழு வீட்டுப் பாலு வேணாமுன்னு ஓடுற மாப்பிள்ளைய நான் கண்டதில்ல வாப்பா."

"வேணாமுன்னு சொல்லல பெரியும்மா. ஓடிக்கிட்டே குடிக்கிறேன்."

அப்படியே நடந்தது. முதல் வீட்டுப் பால் தலைப்பாகையில் விழுந்தது. இரண்டாம் வீட்டுப் பால் கார்த்திகேசுவின் முகத்தில். மூன்றாம் வீட்டுக்காரர் விவரமானவர், மகனை மாடியிலிருந்து ஊற்றச் சொன்னார். மீதி நாலு வீட்டிலும் சீனியை மட்டும் வீசினார்கள். முன்னால் பைத்துப் பாடிக்கொண்டு நடக்கவேண்டிய கோஷ்டி, காருக்கு முன்னால் இருப்பதற்காக ஓடவேண்டியதாயிற்று. இரண்டு தெரு ஓடியபின் ஆளுக்கொரு ரிக்‌ஷா பிடித்து ஏறிப் பாடினார்கள். ரிக்‌ஷாக்காரர்களுக்கும் மூச்சு வாங்கியதில் பாட்டுக்கு ஒரு புதுத் தாளம் கிடைத்தது. அதன்பிறகு பல வருஷம் பினாங்கில் அந்தத் தாளத்தில்தான் பாடினார்கள்.

டத்தோ கிராமாட் சாலையில் பெண்வீடு. பந்தலும் பன்னீரும் நூறு பேரும். மாப்பிள்ளையைப் பெண்ணின் அண்ணன் கைகொடுத்து இறக்கவேண்டும் என்பது வழக்கம். அண்ணன் ஷேக் அலாவுதீன் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கார் அந்தக் கையை உரசிக்கொண்டு போயிற்று.

நாலு தெருவைச் சுற்றி வர மூன்று நிமிஷம் ஆகும். இரண்டாம் சுற்றில் முகம்மது சுல்தானே வாசலுக்கு வந்துவிட்டார்.

"இறங்குங்க மாப்பிள்ளே."

"இந்தா வர்றேன் மாமு," என்ற பதில் தெருமுனையிலிருந்து கேட்டது.

மூன்றாம் சுற்றுக்குள் சுல்தானின் தம்பி வேலையைத் தொடங்கிவிட்டார். நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கார் இப்படித்தான் பறக்கும் என்றும், சொந்தக் கார் வைத்திருக்கிறவனுக்கு என்ன அவசரம் என்றும் பக்கத்தில் இருந்தவர்களிடம் பொதுவாகச் சொன்னார். அது சுல்தானின் காதில் விழவேண்டிய அளவுக்கு விழுந்தது. நாலாம் சுற்றில் கார் வந்தபோது அவர் நடுத்தெருவில் நின்றார்.

"யாரு காரு இது?"

கார்த்திகேசு அவரைச் சுற்றிக்கொண்டு போனான். கமாலுதீன் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். சுலைஹா மாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். இந்த மூன்று நிமிஷத்தில் சரியான பதில் கிடைக்காவிட்டால் அவள் அந்த ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்துவிடுவாள்.

"என் சொந்தக் காரு மாமு," என்றார் ஐந்தாம் சுற்றில்.

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

ஆறாம் சுற்றில் கமாலுதீன் எழுந்து நின்றார். ஒரு கையால் காரின் முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பூச்சரத்தை விலக்கி, சபை முழுவதும் கேட்கச் சொன்னார்:

"அஞ்சு மைலுக்கு ஒரு போத்தல் எண்ணெ குடிக்கும் மாமு."

ஏழாம் சுற்றில் தண்ணீர் கொதிப்பதைச் சொன்னார். எட்டில் மேட்டில் விடும் பெருமூச்சு. ஒன்பதில் கழன்ற போல்ட்டு. பத்தில் இருமல். பதினொன்றில், சூட்டில் அணைத்தால் விடிகிறவரை உயிர் வராது, அதனால்தான் நிற்கவில்லை என்று சொல்லி, அடக்க முடியாமல் அழுதும்விட்டார்.

முகம்மது சுல்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். ஆறு குறை. தம்பி பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு கொறையுள்ள கார எவன் இரவல் குடுப்பான்? எவன் வாங்குவான்? எம் பொஞ்சாதி எங்கொறைய எண்ணுற மாதிரியில்ல எண்ணுறாரு. சொந்தமில்லாம இப்படி எண்ண முடியாது."

 தம்பியுடைய மருமகனின் காரில் என்ன குறை என்று யாரோ கேட்டார்கள். ஒன்றும் தெரியாது என்றார். சபை அவரை ஒருமாதிரியாகப் பார்த்தது.

பன்னிரண்டாம் சுற்றுக்கு முன் மாடியிலிருந்து ஷேக் அலாவுதீன் இறங்கி வந்தான். "சுலைஹா ஒண்ணு கேக்குது அத்தா. மாப்பிள்ள இன்னிக்கி நம்ம வீட்டுலதானே தங்கப்போறாரு? விடியிறவரைக்கும் காரு எதுக்கு?"

நூறு ஆண்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

விருந்துக்கு இறைச்சி வெட்டிய கத்தியைக் கொண்டுவந்து, ஓடும் காரில் எட்டிக் கயிற்றை அறுத்தார்கள். கார் பந்தலுக்கு நேரே வந்து, ஒருமுறை குலுங்கி, இரண்டு போல்ட்டை உதிர்த்துவிட்டு நின்றது. ஷேக் அலாவுதீன் கைகொடுத்து மாப்பிள்ளையை இறக்கினான். ஹஜ்ரத் சம்மதம் கேட்டார், கமாலுதீன் கபூல் சொன்னார், பதிவேட்டில் கையெழுத்தானது, துஆ ஓதி முடிந்தது. சூரியன் அப்போதுதான் சாய்ந்துகொண்டிருந்தது.

சுல்தான் மருமகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு, விருந்தாளிகளைக் காரைச் சுற்றி அழைத்துப்போனார். இந்தப் புகையைப் பாருங்கள், இந்தச் சாக்கைப் பாருங்கள், அத்தனையும் நம் மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்றார். தம்பியை இரண்டு முறை சுற்ற வைத்தார். கமாலுதீனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன் பந்தலுக்குள் வந்தான். கெலுகோர் துரை வீட்டுத் தோட்டக்காரன், ராமதாஸ் என்று பெயர். ரோட்டில் சிந்தியிருந்த எண்ணெயைப் பார்த்துப் பார்த்தே வந்து சேர்ந்ததாகச் சொன்னான். கல்யாண வீடாயிற்றே என்று முதலில் அவனுக்கு ஒரு கிளாஸ் சர்பத் கொடுத்தார்கள். குடித்தான். சாக்கு, கயிறு, முன்மூடி, உதிர்ந்த போல்ட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தான். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"பாய், நீங்க வாங்குன காரு இன்னும் பின்னால கொட்டாயிலதான் நிக்குது, இது துரை கூட மீன் புடிக்கப் போயிருந்த டாக்டரு போன மாசம் கப்பல்ல வரவழைச்ச புத்தம்புதுக் காரு."